தன்னலம் என்பது குற்றமா?

நுழையும்முன்

தன்னைக் காத்துக்கொள்வது உயிர்களின் இயல்பு. பிறருக்கு உதவுவது மனிதரின் உயர்ந்த பண்பு. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையா? மனிதர் செய்யும் நற்செயல்கள் யாவும் உண்மையில் தன்னலத்திலிருந்தே பிறக்கின்றனவா? அறவியல் அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இக்கேள்விகளை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு குறிப்பேடும் ஒரு கேள்வியும்

தில்லியில் உள்ள பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி காய்ச்சலால் பத்து நாள் பள்ளிக்கு வரவில்லை எனக் கொள்க. தேர்வுக்கு ஒரு வாரமே இருக்கிறது. அவளுடைய தோழி தன் கணக்குக் குறிப்பேட்டைக் கொடுத்ததோடு, இரண்டு மாலைப் பொழுதுகளை ஒதுக்கி, விடுபட்ட பாடங்களையும் விளக்குகிறாள். இதை அறிந்த ஆசிரியர் வகுப்பில் அவளைப் பாராட்டுகிறார்.

அப்போது பின்வரிசை மாணவன் ஒருவன், "நல்ல பெயர் வாங்கத்தான் நீ இதைச் செய்தாய்" என்கிறான்.

"ஆசிரியருக்குத் தெரியவரும் என்று நான் நினைக்கவே இல்லை" என்கிறாள் அவள்.

"சரி, உதவி செய்தபோது உனக்கு மகிழ்ச்சியாக இருந்தது அல்லவா? அந்த மகிழ்ச்சிக்காகத்தான் செய்தாய். அதுவும் தன்னலந்தான். உலகில் எல்லாரும் தமக்காகத்தான் எதையும் செய்கிறார்கள்" என்கிறான் அவன்.

அவளால் உடனே விடை கூற இயலவில்லை. மகிழ்ச்சி கிடைத்தது உண்மை. ஆயினும் தான் செய்தது தன்னலம் அன்று என்றே அவள் மனம் சொல்கிறது. அவள் மனம் சொல்வது சரியா, அவன் சொல்வது சரியா? இதற்கு விடை காண முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

சொற்களை அறிதல்

தன்னலம் என்னும் சொல் 'தன்', 'நலம்' என்னும் இரு சொற்கள் சேர்ந்தது. தனக்கு நன்மை தருவது என்பதே அதன் நேர்ப்பொருள். சுயநலம் என்பதும் அதே பொருளைத் தரும் சொல்லே. இந்தி பேசும் நகரங்களில் வளரும் மாணவர்கள் 'ஸ்வார்த்' என்னும் சொல்லைக் கேட்டிருப்பர். அதுவும் 'தன் பயன்' என்றே பொருள்படும். இச்சொற்களின் பகுதிகளைப் பிரித்துப் பார்த்தால் அவற்றில் பழிப்பு எதுவும் இல்லை. ஆனால் வழக்கில் இவை பழிச்சொற்களாகவே வழங்குகின்றன. 'அவன் சுயநலக்காரன்' என்று கூறினால், பிறரைப் பற்றிக் கவலைப்படாதவன் என்றே பொருள்கொள்ளப்படும்.

ஆகவே இங்கு இரு பொருள்கள் கலந்து நிற்கின்றன. தன் நலத்தைப் பேணுதல் ஒன்று. தன் நலத்தை மட்டுமே பேணுதல் மற்றொன்று. பல் துலக்குவதும், வேளைக்கு உண்பதும், தேர்வுக்குப் படிப்பதும் முதல்வகையைச் சேர்ந்தவை. இவற்றால் எவருக்கும் தீங்கில்லை. நூலகப் புத்தகத்தில் தனக்கு வேண்டிய பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொள்வது இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

செருக்கு என்பது இவ்விரண்டிலும் வேறானது. 'நானே பெரியவன்' என்று எண்ணுவது செருக்கு. செருக்குடையவர் சிலர் வாரி வழங்குவதும் உண்டு. தன்னலமுடையவர் சிலர் அடக்கமாகப் பேசுவதும் உண்டு. எனவே இச்சொற்களை ஒன்றாகக் கருதுவது பிழையாகும்.

இரு கொள்கைகள்

தன்னலத்தைப் பற்றி அறவியலில் இரண்டு கொள்கைகள் பேசப்படுகின்றன. 'மனிதர் எதைச் செய்தாலும் தம் நலம் கருதியே செய்கின்றனர்' என்பது முதற்கொள்கை. இது மனித மனம் எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றியது. ஆதலின் உளவியல் தன்னலக் கொள்கை எனப்படும். 'ஒவ்வொருவரும் தம் நலத்தையே நாட வேண்டும். அதுவே சரியான நெறி' என்பது இரண்டாம் கொள்கை. இது மனிதர் எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பற்றியது. ஆதலின் அறவியல் தன்னலக் கொள்கை எனப்படும்.

ஒன்று 'இருக்கிறது' என்பதைச் சொல்கிறது. மற்றொன்று 'இருக்க வேண்டும்' என்பதைச் சொல்கிறது. முதற்கொள்கையை ஏற்பவர் இரண்டாம் கொள்கையை ஏற்றே தீரவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. பின்வரிசை மாணவன் கூறியது முதற்கொள்கை ஆகும்.

மாயக் கணையாழி

கிரேக்க அறிஞர் பிளேட்டோ கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதிய 'குடியரசு' என்னும் நூலின் இரண்டாம் பகுதியில் ஒரு கதை வருகிறது. இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் லிடியா என்னும் நாடு இருந்தது. அந்நாட்டு அரசனிடம் ஓர் இடையன் பணிபுரிந்தான். ஒருநாள் நிலம் நடுங்கிப் பிளந்தது. பிளவினுள் இறங்கிய இடையன் அங்கே கிடந்த பிணத்தின் விரலில் பொற்கணையாழி ஒன்றைக் கண்டு எடுத்துக்கொண்டான். அதன் முகப்பை உள்ளங்கைப் பக்கம் திருப்பினால் அணிந்தவர் பிறர் கண்ணுக்குத் தெரியமாட்டார். வெளிப்பக்கம் திருப்பினால் மீண்டும் தெரிவார். இதை அறிந்த இடையன் அரண்மனைக்குச் சென்று, அரசியைத் தன்வயப்படுத்தி, அரசனைக் கொன்று, ஆட்சியைக் கைப்பற்றினான். இக்கதை 'கைஜீஸின் கணையாழி' என்று வழங்குகிறது.

கதையைக் கூறும் கிளாக்கன் என்பவர் ஒரு கேள்வியை எழுப்புகிறார். இத்தகைய கணையாழிகள் இரண்டு இருந்து, ஒன்றை நல்லவரும் மற்றொன்றைத் தீயவரும் அணிந்தால் இருவரும் ஒரே மாதிரிதானே நடந்துகொள்வர்? அகப்பட்டுக்கொள்வோம் என்னும் அச்சத்தால்தானே மக்கள் நேர்மையாக இருக்கின்றனர்? இது மிகக் கடுமையான கேள்வி. தேர்வு அறையில் கண்காணிப்பாளர் வெளியே சென்றபோதும், கடைக்காரர் தவறுதலாகக் கூடுதல் சில்லறை கொடுத்தபோதும் சிறிது நேரம் அக்கணையாழி ஒவ்வொருவர் விரலிலும் இருக்கிறது.

நூலில் இக்கேள்விக்கு விடை கூறுபவர் சாக்ரடீசு. அநீதி செய்பவர் வெளியே எதைப் பெற்றாலும், உள்ளே தம் ஆசைகளுக்கு அடிமையாகிறார்; அவருடைய மனத்தின் ஒழுங்கு கெடுகிறது; எனவே அவர் உண்மையான நலத்தை இழக்கிறார் என்பது அவ்விடையின் சாரம். தன் நலம் என்பது எது என்றே பலர் சரியாக அறியவில்லை என்பது இதனால் புலப்படுகிறது.

ஆறு பென்ஸ் நாணயம்

இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் ஹாப்ஸ் 1651இல் 'லெவியதன்' என்னும் நூலை வெளியிட்டார். உள்நாட்டுப் போரின் கொடுமைகளைக் கண்ட காலம் அது. சட்டமும் அரசும் இல்லாத நிலையில் மனிதர் ஒருவரையொருவர் அஞ்சி வாழ்வர். உயிரைக் காத்துக்கொள்ளும் விருப்பமே அவர்களை ஒன்றுகூடி அரசை அமைக்கத் தூண்டுகிறது என்று அவர் வாதிட்டார். மனிதரின் தன்னலத்தை அடித்தளமாகக் கொண்டே அரசு என்னும் அமைப்பை விளக்க முடியும் என்பது அவர் கருத்து.

அவருடைய வாழ்க்கையைக் குறித்து எழுதிய ஜான் ஆப்ரே ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். இலண்டன் தெருவில் நோயுற்ற முதியவர் ஒருவர் பிச்சை கேட்டார். ஹாப்ஸ் இரக்கத்துடன் ஆறு பென்ஸ் கொடுத்தார். அருகில் நின்ற சமயகுரு ஒருவர், இயேசுவின் கட்டளை இல்லாதிருந்தால் இதைச் செய்திருப்பீரா என்று வினவினார். செய்திருப்பேன் என்றார் ஹாப்ஸ். முதியவரின் துன்பம் தமக்கும் வேதனை அளித்ததாகவும், கொடுத்த காசு முதியவருக்குச் சிறிது ஆறுதல் தந்ததால் தம் வேதனையும் குறைந்ததாகவும் அவர் காரணம் கூறினார்.

இவ்விடையைக் கேட்டால் பின்வரிசை மாணவன் மகிழ்வான். 'தம் வேதனையைக் குறைக்கத்தானே கொடுத்தார்' என்பான். ஆனால் இங்கே ஒரு கேள்வி எஞ்சுகிறது. முன்பின் அறியாத ஒரு முதியவரின் துன்பம் ஹாப்ஸுக்கு ஏன் வேதனை தந்தது? தம் வேதனை தீர்வதே நோக்கமாயின், முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த தெருவுக்குச் சென்றிருக்கலாமே! காசும் மிஞ்சியிருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. முதியவரின் துன்பம் குறைந்தபோதுதான் அவருடைய வேதனையும் குறைந்தது.

ஜோசப் பட்லர் கண்ட விடை

இக்குழப்பத்தைத் தெளிவாக்கியவர் ஜோசப் பட்லர் என்னும் ஆங்கிலேயச் சமயகுரு. 1726இல் வெளியான அவருடைய சொற்பொழிவுகளில் இவ்வாதம் காணப்படுகிறது. ஒருவர் விரும்பும் பொருள் வேறு. அது கிடைத்தபின் தோன்றும் மகிழ்ச்சி வேறு. பசித்தவர் விரும்புவது உணவு. உண்டபின் வருவது நிறைவு. பசியே இல்லாதவருக்கு அந்த நிறைவு தோன்றாது. அதாவது விருப்பம் முதலில் இருந்தால்தான் மகிழ்ச்சி பின்னர் வரும்.

உதவியும் இவ்வாறே. பிறர் நலம்பெற வேண்டும் என்னும் விருப்பம் ஒருவரிடம் முன்பே இருந்தால்தான் அவர் நலம்பெற்றதைக் கண்டு மகிழ முடியும். பிறர்மீது சிறிதும் அக்கறை இல்லாதவருக்கு அவர்களுடைய நலம் எந்த மகிழ்ச்சியையும் தராது. எனவே உதவி செய்தவர் மகிழ்ந்தார் என்பது அவருடைய தன்னலத்திற்குச் சான்று அன்று. அவருக்குப் பிறர்மீது அன்பு இருந்தது என்பதற்கே சான்று.

பின்வரிசை மாணவனின் வாதத்தில் இன்னொரு குறையும் உண்டு. குழந்தைக்கு உணவூட்டும் தாயையும், அக்குழந்தையின் உணவைத் திருடுபவரையும் அவன் 'தன்னலமுடையவர்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறான். எல்லாச் செயல்களையும் ஒரு சொல்லால் குறித்தால் அச்சொல் எதையும் வேறுபடுத்திக் காட்டாது. தாய்க்கும் திருடருக்கும் உள்ள வேறுபாடோ அப்படியே இருக்கும். அவ்வேறுபாட்டைக் குறிக்க மீண்டும் ஒரு புதிய சொல் தேவைப்படும்.

சந்தையும் மனச்சான்றும்

தன்னலத்தால் சமுதாயத்திற்கு நன்மையும் விளைகிறது என்று காட்டியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆடம் ஸ்மித். 1776இல் வெளியான 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலில் இதை அவர் விளக்கினார். விடியற்காலையில் மொத்தச் சந்தைக்குச் சென்று காய்கறி வாங்கிவந்து தெருவில் விற்பவர், வாடிக்கையாளர்மீது கொண்ட இரக்கத்தால் அதைச் செய்வதில்லை. தம் குடும்பம் வாழ வேண்டும் என்பதே அவர் நோக்கம். வாங்குபவரின் நோக்கமும் தம் வீட்டுத் தேவையே. ஆயினும் இருவரும் பயன் பெறுகின்றனர். ஒருவர் ஆதாயம் மற்றொருவருக்கு இழப்பாக வேண்டியதில்லை என்பது இதனால் விளங்குகிறது.

இதைக் கொண்டு, 'தன்னலமே போதும்' என்று ஸ்மித் கூறியதாகச் சிலர் கருதுவர். அது முழு உண்மை அன்று. அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னரே, 1759இல், அவர் 'அறவுணர்வுகளின் கோட்பாடு' என்னும் நூலை எழுதியிருந்தார். பிறர் இன்பதுன்பங்களில் பங்குகொள்ளும் இயல்பு மனிதரிடம் உண்டு என்பதே அந்நூலின் தொடக்கக் கருத்து. ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒரு நடுநிலைப் பார்வையாளர் இருந்து அவருடைய செயல்களை எடைபோடுகிறார் என்றும் அவர் எழுதினார். எடைக்கல்லில் ஏமாற்றும் வணிகரும் தன்னலத்தையே நாடுகிறார். சரியாக நிறுத்துக் கொடுப்பவரும் தன்னலத்தையே நாடுகிறார். இருவரையும் பிரிப்பது நீதியுணர்வு. அது இல்லாத இடத்தில் சந்தையும் நன்மை தராது.

தன் நலமே நெறி என்போர்

20ஆம் நூற்றாண்டில் அறவியல் தன்னலக் கொள்கையை வெளிப்படையாக ஆதரித்தவர்களுள் ஒருவர் அயன் ராண்ட். 1905இல் உருசியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எழுத்தாளர் அவர். 1964இல் வெளியான 'தன்னலத்தின் நற்பண்பு' என்னும் கட்டுரைத் தொகுப்பில் தம் கொள்கையை விளக்கினார். ஒருவர் தம்மைப் பிறருக்காகப் பலியிடவும் கூடாது. பிறரைத் தமக்காகப் பலியிடவும் கூடாது. பகுத்தறிவின் வழியே தம் வாழ்வின் நலத்தை நாடுவதே நெறி என்பது அவர் கொள்கை.

இக்கொள்கையில் சிந்திக்கத்தக்க பகுதி ஒன்று உண்டு. பிறருக்காகத் தன்னை முற்றிலும் அழித்துக்கொள்வது எப்போதும் அறமாகாது. தேர்வில் தன் விடைத்தாளைப் பார்த்து எழுத நண்பனுக்கு இடம் கொடுப்பவன் பிறர்நலம் பேணுபவன் அல்லன். நட்பை இழக்க அஞ்சுபவன். அங்கே மறுப்பது தன்னலம் ஆகாது. எல்லாரும் உண்டபின் எஞ்சியதைத் தாய் மட்டும் உண்பதை 'தியாகம்' என்று புகழ்ந்துவிட்டு, அவருடைய உடல்நலத்தை மறந்துவிடும் வீடுகளும் உண்டு. தாயின் நலமும் நலமே, அதுவும் பேணத்தக்கதே.

ஆயினும் இக்கொள்கைக்கு எதிராக வலுவான மறுப்பு கூறப்படுகிறது. 'என் நலமே எனக்கு முதன்மை' என்பதற்குக் காரணம் என்ன? என் பசியும் பசி. பிறர் பசியும் பசி. என் வலியும் வலி. பிறர் வலியும் வலி. 'அது என்னுடையது' என்பதைத் தவிர வேறு வேறுபாடு இல்லையெனில், பிறர் துன்பத்தை ஒரு பொருட்டாகவே கருதாமல் விடுவதற்கு நியாயம் இல்லை என்பர் மறுப்பாளர்.

மேய்ச்சல் நிலமும் ஏரி நீரும்

ஒவ்வொருவரும் தத்தம் நலத்தை மட்டும் நாடினால் அனைவரும் நலத்தை இழக்க நேரிடுவதும் உண்டு. கேரட் ஹார்டின் என்னும் அமெரிக்க அறிவியலாளர் 1968இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தந்தார். ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலத்தில் ஒருவர் கூடுதலாக ஒரு மாட்டை மேயவிட்டால் அதன் ஆதாயம் முழுவதும் அவருக்கே. புல் குறைவதால் வரும் இழப்போ அனைவருக்கும் பகிரப்படுகிறது. ஆகவே ஒவ்வொருவரும் ஒரு மாடு, இன்னொரு மாடு என்று சேர்ப்பர். முடிவில் புல்லே இராது. எல்லா மாடுகளும் பட்டினி கிடக்கும்.

இத்தகைய அழிவு தவிர்க்க இயலாதது அன்று என்பதை எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அறிஞர் பல நாட்டு ஊர்களை ஆராய்ந்து நிறுவினார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற அவர், அத்துறையில் அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி. அவர் எடுத்துக்காட்டிய ஊர்களுள் ஒன்று சுவிட்சர்லாந்தின் மலைச்சிற்றூரான டோர்பெல். குளிர்காலத்தில் தம் தொழுவத்தில் தீவனமிட்டுக் காக்க இயலும் எண்ணிக்கைக்குமேல் எவரும் பசுக்களை மலைமேய்ச்சலுக்கு அனுப்பக் கூடாது என்னும் விதி 1517ஆம் ஆண்டிலேயே அங்கு இருந்தது. அவ்விதி எவரையும் தம் பசுக்களைத் துறக்கச் சொல்லவில்லை. ஒவ்வொருவர் தன்னலத்திற்கும் ஓர் எல்லையை வகுத்தது. அவ்வெல்லையால் அனைவர் பசுக்களும் பிழைத்தன.

தமிழகத்து ஏரிகளிலும் இத்தகைய முறை வழங்கியது. ஏரியையும் வாய்க்கால்களையும் ஊர் மக்களே கூடி உழைத்துச் செப்பனிடும் வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. வயல்களுக்கு முறைவைத்து நீர் பாய்ச்சுவதற்கென நீர்க்கட்டி எனப்படுவோர் அமர்த்தப்பட்டனர். மதகுக்கு அருகில் நிலம் உடையவர் நினைத்தால் நீர் முழுவதையும் தம் வயலுக்கே திருப்பிவிடலாம். ஆனால் கடைமடைக்காரர் வந்து தூர்வாரவில்லையெனில் அடுத்த ஆண்டு ஏரியில் நீரே நில்லாது. தம் வயல் விளைய வேண்டுமானால் பிறர் வயலும் விளைய வேண்டும் என்பதை ஏரி கற்பித்தது.

தமிழ் மரபில் பிறர்நலம்

இக்கருத்துக்குத் தமிழில் அழகிய சொல் ஒன்று உண்டு. அது ஒப்புரவு. சமுதாயத்தோடு பொருந்தி வாழ்ந்து, தன்னிடம் உள்ளதைப் பிறருக்கும் பயன்படச் செய்தல் என்பது அதன் பொருள். திருக்குறளின் 22ஆம் அதிகாரம் 'ஒப்புரவறிதல்'. அதனை அடுத்த 23ஆம் அதிகாரம் 'ஈகை'. ஈகை என்பது வறியவர்க்குக் கொடுத்தல். ஒப்புரவோ கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே ஊரின் உறுப்பினர் என்னும் உணர்வு. அதனால்தான் அவ்வதிகாரம் ஒப்புரவாளரின் செல்வத்துக்கு நீர்நிலையையும் பயன்மரத்தையும் உவமையாக்குகிறது. ஊர்க்குளத்தில் நீர் எடுப்பவர் பிச்சை பெறுபவர் அல்லர்.

புறநானூற்றின் 182ஆம் பாடலைப் பாடியவர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. உலகம் நிலைத்திருப்பது எதனால் என்று எண்ணிய அவர், பிறருக்காக முயல்பவர்கள் இருப்பதால்தான் என்று முடிவு கூறுகிறார். எல்லாரும் அத்தகையவர் என்று அவர் கூறவில்லை. அத்தகையோர் சிலரேனும் இருப்பதால் உலகம் இயங்குகிறது என்பதே அவர் கண்ட உண்மை.

ஊர்விட்டு வந்தோர்

தன்னலம், பிறர்நலம் என்பவை நூல்களில் மட்டும் உள்ள கேள்விகள் அல்ல. தில்லி, மும்பை, அகமதாபாத் போன்ற நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இக்கேள்வி பழக்கமானதே. பிழைப்புத் தேடியோ பணி மாற்றத்தாலோ தாயும் தந்தையும் ஊர்விட்டு வருகின்றனர். தாத்தாவும் பாட்டியும் ஊரிலேயே இருந்துவிடுகின்றனர். விடுமுறைக்குச் செல்லும்போது உறவினர் ஒருவர், 'உங்கள் வசதியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டீர்கள்' என்று கூறுவதும் உண்டு. அச்சொல் பெற்றோரின் மனத்தைச் சுடுகிறது.

இத்தகைய நேரங்களில், இப்பாடத்தில் வந்த எடுத்துக்காட்டுகளிலிருந்து மூன்று கேள்விகளை எழுப்பிப் பார்க்கலாம். முதலாவது, காய்கறி வணிகர் காட்டுவது: இதனால் எனக்கு வரும் நன்மை பிறருடைய இழப்பிலிருந்து வருகிறதா? இரண்டாவது, கணையாழி காட்டுவது: எவரும் பார்க்காவிட்டாலும் இவ்வாறே செய்வேனா? மூன்றாவது, மேய்ச்சல் நிலம் காட்டுவது: எல்லாரும் இவ்வாறே செய்தால் என்ன ஆகும்?

பிழைப்புக்காக ஊர்விட்டு வருபவர் எவருடைய உணவையும் பறிக்கவில்லை. அவர் ஈட்டும் ஊதியம் ஊரிலுள்ள முதியோரின் மருந்துக்கும், தம்பி தங்கையரின் படிப்புக்கும் செல்கிறது. எவரும் கணக்குக் கேட்காத மாதத்திலும் அவர் பணம் அனுப்புகிறார். ஆகவே அதனைப் பழிக்கத்தக்க தன்னலம் என்று கூற இயலாது. ஆனால் மூன்றாம் கேள்வி எளிதில் விடுவதில்லை. எல்லாரும் சென்றுவிட்டால் முதியோர்க்குத் துணை யார்? பணம் மருந்தை வாங்கும். அருகில் அமர்ந்து பேசாது. குற்றம் செய்யாதவருக்கும் கடமை இருக்கக்கூடும். நாள்தோறும் ஒரு தொலைபேசி அழைப்பு, விடுமுறையில் ஒரு பயணம், பாட்டியோடு அவர் மொழியிலேயே பேசும் பேரப்பிள்ளை ஆகியவை அக்கடமையின் பகுதிகள்.

தன்னலம் விரிந்து பொதுநலமாவதையும் இந்நகரங்களில் காணலாம். தம் பிள்ளைகள் தமிழ் கற்க வேண்டும் என்று ஒரு பெற்றோர் விரும்புவது தம் நலம் சார்ந்ததே. அவ்விருப்பம் உடையோர் பலர் ஒன்றுசேரும்போது அது எல்லார் பிள்ளைகளுக்கும் உரிய பள்ளியாகிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகள் இத்தகைய கூட்டு முயற்சிக்கு எடுத்துக்காட்டு. முன்பு படித்தவர்களின் பெற்றோர் ஏற்படுத்தியதை இன்று அவர்கள் அறியாத பிள்ளைகள் பெறுகின்றனர்.

நிறைவாக

இப்போது குறிப்பேடு கொடுத்த மாணவியிடம் மீண்டும் செல்லலாம். பின்வரிசை மாணவனுக்கு அவள் கூறத்தக்க விடை இதுவே: "ஆம், எனக்கு மகிழ்ச்சி கிடைத்தது. அவள் நலமாக வேண்டும் என்று நான் விரும்பியதால்தான் அது கிடைத்தது. அவள்மீது அக்கறை இல்லாதிருந்தால் எனக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் வீணாயின என்றுதான் தோன்றியிருக்கும்."

தன் நலத்தைப் பேணுதல் குற்றம் அன்று. தன் நலம் மட்டுமே நலம் என்று எண்ணுவதே குற்றம். பிறர் நலம் கண்டு மகிழும் மனம் ஒருவருக்கு வாய்க்குமாயின், அவருடைய மகிழ்ச்சிக்கும் பிறர் நலத்துக்கும் இடையே பகை இல்லை.

சொல்லும் பொருளும்

ஒப்புரவு – சமுதாயத்தோடு பொருந்திப் பிறர்க்குப் பயன்பட வாழ்தல்
செருக்கு – தன்னைப் பெரிதாக எண்ணும் மனநிலை
கணையாழி – மோதிரம்
மனச்சான்று – நன்மை தீமையை உணர்த்தும் உள்ளுணர்வு
கடைமடை – வாய்க்காலின் இறுதியில் அமைந்த பாசனப்பகுதி
மதகு – ஏரி நீரைத் திறந்துவிடும் வாயில்
குடிமராமத்து – நீர்நிலைகளை ஊர் மக்களே கூடிச் செப்பனிடும் முறை

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தன்னலம், செருக்கு ஆகியவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடு யாது?
2. உளவியல் தன்னலக் கொள்கை எதைக் கூறுகிறது?
3. டோர்பெல் ஊரில் 1517ஆம் ஆண்டு இருந்த விதி யாது?

ஆ. விரிவாக விடை எழுதுக.
1. 'உதவி செய்து மகிழ்வதும் தன்னலமே' என்னும் கருத்துக்கு ஜோசப் பட்லரின் வாதம் எவ்வாறு விடையளிக்கிறது?
2. ஈகைக்கும் ஒப்புரவுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

இ. சிந்தித்து எழுதுக.
கைஜீஸின் கணையாழி ஒரு நாள் மட்டும் உன்னிடம் இருந்தால் என்ன செய்வாய்? உண்மையாக எழுதுக. பின்னர், பாடத்தில் உள்ள மூன்று கேள்விகளைக் கொண்டு உன் விடையை ஆராய்க.

ஈ. கேட்டு அறிக.
ஊரில் உள்ள தாத்தா, பாட்டி அல்லது உறவினர் ஒருவரிடம் தொலைபேசியில் தமிழில் பேசி, அவர் காலத்தில் ஊர் மக்கள் கூடிச் செய்த பொதுப்பணி ஒன்றைக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.